முனியப்பன் கோயில் ஆமணக்கு

மண்ணுள் உறங்கும் வித்தினைத் தட்டி
விண்ணைக் காட்டும் வித்தகா போற்றி!
பாதி உடலில் பாவையை வைத்தாய்,
பேதைஎன் பிழையும் பொறுப்பாய் போற்றி!

கார்த்திகை மாதம், வளர்பிறை, சோமவாரம். சூரமங்கலத்து வீட்டில் காலை விளக்கேற்றி, ஈசனுக்கு வில்வம் சாத்திவிட்டு இதை எழுத அமர்ந்தேன். விதைச் சான்று அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துறைக்குப் புதிதாக வந்திருக்கும் அலுவலர்களுக்காக, மறக்க முடியாத வயலாய்வு ஒன்றை எழுதித் தருமாறு கேட்டார்கள். மற்றவர்கள் தங்கள் சாதனைகளை எழுதியிருப்பார்கள். நான் என் பிழையை எழுதுகிறேன். அதில் ஒரு வசதி உண்டு: அப்படி நடக்கவே இல்லை என்று யாரும் மறுத்து எழுத மாட்டார்கள்.

1. பெருமையைப் பிடுங்கும் தொழில்

விதை மூட்டையின் வாயில் நீல அட்டை ஒன்று தைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அரசின் சான்று. உள்ளே இருப்பது இன்ன ரகம், கலப்பு இல்லாதது, முளைக்கக்கூடியது என்பதற்கான உறுதி. அந்த அட்டை தைக்கப்படுவதற்கு முன்பு, விதைப்பயிர் நிற்கும் வயலை நாங்கள் பல முறை நடந்து பார்ப்போம். பிறகு விதை மாதிரி பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். எந்தப் படியில் தவறினாலும் ‘ரிஜெக்ட்’. அப்புறம் அது வெறும் தானியம்.

வயலாய்வு என்பது விருந்தாளிக்கு அழகல்லாத காரியம். விவசாயி தம் வயலிலேயே உயரமாக, செழிப்பாக நிற்கும் செடியைக் காட்டிப் பூரிப்பார். அந்தச் செடியைத்தான் நாங்கள் முதலில் பிடுங்கச் சொல்வோம். எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் நிற்கும்போது ஒன்று மட்டும் தலை தூக்கினால், அது வேறு ரகத்தின் கலப்பு. எங்கள் மொழியில் ‘ஆஃப்-டைப்’, தமிழில் கலவன்.

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட மேட்டுநிலக் கிராமம் ஒன்றில் பாவாயி என்ற பெண்மணி ஒரு ஏக்கரில் ஆமணக்கு விதைப்பண்ணை போட்டிருந்தார். கணவர் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போயிருந்தார். ஆண்டில் இரண்டு முறை வந்தால் அதிகம். நிலத்தைப் பார்த்துக்கொண்டது பாவாயிதான். பயிர் பூவெடுக்கும் முன்பு செய்யவேண்டிய முதல் ஆய்வுக்குப் போனேன். வயல் நடுவே ஒரு செடி மற்றவற்றைவிட முழு முழம் உயர்ந்து, தண்டில் கறுப்புக் கயிறு கட்டி நின்றது.

“இதைப் பிடுங்கிடும்மா,” என்றேன்.

“ஐயோ, அதையாங்க சார்? கண்ணு பட்டுருமின்னு அதுக்குத்தானுங்க கயிறு கட்டி வெச்சிருக்கறேன்!”

“அதனாலதான் சீக்கிரமா என் கண்ணுல பட்டுது.”

பிடுங்கினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் பிடுங்கினார்.

வரப்பில் நின்று இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் நாச்சிமுத்து. பாவாயியின் கணவருக்கு அண்ணன். அவ்வூர் முனியப்பன் கோயிலின் பூசாரியும் அவரே. வெள்ளை மீசை, நெற்றி நிறைய நீறு. என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம் இது:

“கொட்டமுத்து போட்டா அதிகாரி வரோணும், அட்டை வரோணும். மரவள்ளின்னா குச்சிய ஒடிச்சு நட்டாப் போச்சுங்க. அதுக்கு யாருங்க சர்டிபிகேட்டு குடுக்கறா?”

ஆமணக்கை அவ்வூரார் கொட்டமுத்து என்பார்கள். மரவள்ளி, நாச்சிமுத்துவின் இரண்டாவது தெய்வம். அந்த ஒரு ஏக்கர் பற்றி அண்ணன், தம்பி, தம்பி மனைவி மூவரும் கைப்பேசியில் பேசி ஒரு முடிவு செய்திருந்தார்கள். அதைப் பாவாயி இருக்கும்போதே எனக்கு அறிவித்தார்:

“இந்த ஒரு போகம் அம்மிணி இஷ்டமுங்க. நீல அட்டை வந்துட்டா, அந்தக் காட்டுல என்ன வெதைக்கறதுன்னு இனி அவ சொல்றதுதான். வரலீன்னா நான் சொல்றதுதான். என் தம்பியும் சரின்னுட்டான்.”

காடு என்று அவர்கள் சொல்வது மேட்டு நிலத்தை. ஆக, பாவாயிக்கு அந்த நீல அட்டை வெறும் அட்டையன்று. தாம் உழைக்கும் மண்ணில் தம் சொல் செல்லுமா என்பதே அதில் தைக்கப்பட்டிருந்தது.

2. கண்மூடிச் செய்த ஆய்வு

விதைப்பண்ணையில் ‘ஐசோலேஷன்’ என்று ஒன்று உண்டு. அலுவலகத் தமிழில் பயிர் விலகு தூரம். ஆமணக்கின் மகரந்தம் காற்றில் பறப்பது. அருகில் வேறு ரக ஆமணக்கு பூத்தால், அதன் தூள் பறந்து வந்து இங்குள்ள பெண்பூவில் அமரும். விளையும் விதை கலப்பாகிவிடும். எனவே சான்று விதைக்கு வயலின் நான்கு புறமும் நூற்றைம்பது மீட்டருக்குள் வேறு ஆமணக்கு இருக்கக் கூடாது. அலட்சியமாக எங்கும் முளைக்கும் செடி அது. குப்பைமேடு, வாய்க்கால் கரை, இடிந்த சுவர் எதையும் விடாது. ஆகவே அலுவலர் நடந்தே பார்க்கவேண்டும்.

நடந்தேன். கிழக்கே ஒரு குப்பைமேட்டில் இரண்டு, தெற்கே வேலியோரம் ஒன்று. பாவாயி பின்னாலேயே வந்து பிடுங்கினார். மேற்கே ஒன்றுமில்லை. வடக்கே, வரப்பிலிருந்து அறுபது மீட்டரில் முனியப்பன் கோயில்.

நான் பதிகம் பாடித் தொழும் சைவன். முனியப்பனோ கிடாயும் சுருட்டும் ஏற்பவர். ஆனாலும் கோயிலைக் கண்டால் செருப்பைக் கழற்றாமல் கடந்து போக எனக்குத் தெரியாது. உள்ளே போனேன். திறந்தவெளியில் பெரிய மீசையும் உருட்டிய விழியுமாக அமர்ந்திருந்தார். கைகூப்பிக் கண்ணை மூடினேன். கண்ணை மூடினால்தான் எனக்குப் பாட்டு வரும். மனத்துக்குள் ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்து, நீறு பூசி, திரும்பினேன்.

வெளியே வந்து படிவத்தில் எழுதினேன்: “பயிர் விலகு தூரம் சரியாக உள்ளது.” கையொப்பமிட்டேன். நாற்புறமும் நான் பார்த்திருந்தேன். கும்பிட்ட இடத்தைத் தவிர.

3. மஞ்சள் துணி

இரண்டாம் ஆய்வுக்குப் போனபோது வயலில் பூங்கதிர்கள் தலை நீட்டத் தொடங்கியிருந்தன. பாவாயி முகத்தில் பெருமை. கலவன் ஒன்றுகூட இல்லாதபடி வரிசை வரிசையாக அவரே நடந்து பிடுங்கியிருந்தார். நன்று என்று சொல்ல வாயெடுத்தவன் வடக்கே பார்த்தேன்.

கோயில் சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. அகன்ற, விரல் விரலாகப் பிரிந்த இலைகள். நடுவே மஞ்சள் துணி. உச்சியில் கட்டைவிரல் நீளத்துக்குப் பூங்கதிர்.

“பாவாயி, அந்தச் செடி எப்ப வந்துச்சு?”

“அதுங்களா? போன தடவை நீங்க வந்தப்பவே இருந்துச்சே சார். அதுக்கு முன்னால நின்னுதானே கும்பிட்டீங்க?”

நான் நம்பவில்லை. அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ‘நம்ம காட்டுக்கு வந்த அதிகாரி’ என்று கணவருக்கு அனுப்பியதாம். படத்தில் நான் கண்மூடிக் கைகூப்பி நிற்கிறேன். எனக்கு இரண்டு அடி முன்னால், சூலத்தின் அருகே, இடுப்பளவு ஆமணக்குச் செடி ஒன்று மஞ்சள் துணி கட்டி, என் கும்பிடை ஏற்றுக்கொண்டு நிற்கிறது.

“இதை நான் பார்க்கவே இல்லைம்மா.”

“கும்பிட்டீங்களே சார்!”

“அதனாலதான் பார்க்கலை.”

செடி எப்படி வந்தது என்று கேட்டேன். பாவாயி சிறிது நேரம் முந்தானையைத் திருகினார். “தையில எங்க கெணத்துக்காட்டுல கொட்டமுத்து அறுத்தமுங்க, பழைய ரகம். மொதப் படிய சாமி காலடியில கொட்டுவமுங்க. எல்லாரும் கொட்டறதுதானுங்க. நானும் கொட்டினேன். மழைக்கு ஒண்ணு மொளைச்சிருச்சாட்டம் இருக்குது.”

ஆக, கலப்பு விதையைப் பக்தியோடு விதைத்தவர் அவர். பக்தியோடு காணாமல் விட்டவன் நான். கைப்பேசிச் செயலியில் தூரத்தை அளந்தேன். அறுபது மீட்டர். ஒரு ஏக்கரும், கடைசிச் செடி வரை, நூற்றைம்பது மீட்டருக்குள் அடங்கியது. ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைக் காப்பாற்றவும் வழியில்லை.

“ஏனுங்க சார், சாமிய கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லலாமுங்களா?” என்றார் பாவாயி. சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கோயிலுக்கு ஓடி அந்தச் செடியின் கதிரைப் பார்த்தேன். ஆமணக்கில் ஒரே கதிரின் மேற்பகுதியில் பெண்பூவும் கீழ்ப்பகுதியில் ஆண்பூவும் இருக்கும். தூள் உதிர்ப்பது ஆண்பூ. உருண்டை மொட்டுகள் இன்னும் மூடியே இருந்தன. ஒன்று அல்லது இரண்டு நாள். அதற்குமேல் பொறுக்காது.

4. பூப்போட்டுக் கேட்டது

நாச்சிமுத்துவை அழைத்து, செடியை வெட்டவேண்டும் என்றேன். அவர் என்னை முனியப்பனைப் போலவே விழித்துப் பார்த்தார்.

“வெட்டறதா? ஒருத்தரும் தண்ணி ஊத்தாம, கல்லு சந்துல தானா மொளைச்சதுங்க இது. மொளைச்ச அன்னிக்குத்தான் காணாமப் போன எங்க எருமை ஊடு வந்து சேந்துச்சு. சாமி செடிங்க.”

“இது அம்மா கொட்டின கொட்டமுத்துலேர்ந்து வந்தது.”

“கொட்டுனது அவ. மொளைக்க வெச்சது யாருங்க?”

இந்தக் கேள்விக்கு ஒரு சைவனிடம் பதில் கிடையாது. அவரே ஒரு வழி சொன்னார்: “சாமியவே கேட்டுப்போடலாமுங்க. பூப்போட்டுப் பாக்கலாம். வெள்ளை வந்தா வெட்டுங்க. செவப்பு வந்தா தொடக்கூடாது.”

ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. இலையில் மடித்து, சாமி முன்னால் குலுக்கிப் போட்டார். எடுக்க வேண்டியது யார் என்ற பேச்சு வந்தது. “நானோ அம்மிணியோ எடுத்தா நாளைக்குப் பேச்சு வரும். அதிகாரிங்களே எடுங்க. நீங்க பொதுவானவருங்க.”

அரசின் விதைச் சான்று விதிகளில் பூப்போட்டுப் பார்ப்பது பற்றி எந்தப் பிரிவும் இல்லை. தடை செய்யும் பிரிவும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. குளித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஈசனை நினைத்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன்.

செவப்பு.

நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கேட்டுக்கிட்டீங்களா? சாமி சொல்லிருச்சு.” குரலில் பயபக்தி இருந்தது, அதன் ஓரத்தில் கொஞ்சம் மரவள்ளியும் இருந்தது.

கோயில் படியில் உட்கார்ந்து பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். இனி எழுத வேண்டியது ஒரே சொல்தான். பாவாயி என் பக்கத்தில் வந்து நின்றார். கெஞ்சவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“ஏனுங்க சார், கெட்டது அந்தச் செடிங்களா, அதோட பூவுங்களா?”

“பூதாம்மா. அதுலயும் ஆண்பூ.”

“இலை?”

“இலையால ஒண்ணுமில்லை.”

“தண்டு, வேரு?”

“ஒண்ணுமில்லை. தூள்தான் ஆகாது.”

“பூவே இல்லாம நின்னா?”

பேனாவை மூடினேன். இருபத்தைந்து ஆண்டுகளாக ‘வேறு ஆமணக்குச் செடி இருக்கக் கூடாது’ என்று மனப்பாடமாக வைத்திருந்தவன் நான். அந்த விதி எதைக் கண்டு அஞ்சுகிறது என்று ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. ஓர் ஏக்கர்க்காரர் நான்கே கேள்வியில் கேட்டு முடித்துவிட்டார்.

பாவாயி நேரே மூத்தாரிடம் போனார்.

“ஏனுங்க மாமா, அது சாமி செடிதானுங்களே?”

“பின்னே? இப்பத்தான சாமி வாக்கு குடுத்துச்சு!”

“சாமி செடியில பூக்கற பூவு யாருக்குங்க?”

“சாமிக்குத்தான்.”

“அப்பறம் அதச் செடியிலயே வாட உட்டுட்டு, அரளிப்பூவு பறிச்சுச் சாத்தறீங்களே? சாமி குத்தமாயிராதுங்களா?”

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் மீசை முனியப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“முனியப்பனுக்குக் கொட்டமுத்துப் பூவா… கேள்விப்படாத வழக்கமா இருக்குதே.”

“கல்லு சந்துல செடி நிக்கறதும் கேள்விப்படாத வழக்கந்தானுங்க மாமா.”

“தெனமுமா பறிக்கோணும்?”

இதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். “தினமும். பக்கக் கிளையெல்லாம் புதுசு புதுசா கதிர் வரும். மொட்டாவே எடுக்கணும். ஒண்ணுகூட மலரக் கூடாது. வயல்ல பூ முடியற வரைக்கும்.”

வண்டு தீண்டும் முன் பறித்துச் சாத்துவதே சிறந்த பூசை என்றும் சேர்த்துச் சொன்னேன்; வழிபாட்டு முறையின்படி அது உண்மைதான். அந்த நேரத்தில் அது எங்கள் துறை விதிக்கும் பொருந்தி வந்தது ஈசன் கருணை. நாச்சிமுத்து கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி வந்து, உச்சிக் கதிரை ஒடித்து முனியப்பன் காலடியில் வைத்தார். அந்த மொட்டுக் குலையை முனியப்பன் விழித்துப் பார்த்தார். மறுப்பு ஒன்றும் தெரிவிக்கவில்லை.

5. நானே எழுதிய குற்றப்பத்திரிகை

அடுத்தது என் பங்கு. முதல் ஆய்வில் ‘சரி’ என்று எழுதியது தவறு என்று இப்போது எழுதவேண்டும். பாவாயி மெல்லச் சொன்னார்: “இதைய எழுதோணுமுங்களா சார்? பூவுதான் பறிச்சாச்சே. எழுதினா உங்களுக்குத்தானுங்க ஆகாது.”

“எனக்கு ஆகாதுங்கறது ஒரு பக்கம். எழுதாம விட்டு நாளைக்கு யாராவது பார்த்தா, உங்க அட்டை போயிடும்.”

அது முழு உண்மையன்று. அந்தப் படம் ரிக் வண்டியோடு பல மாநிலங்களைச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதும் ஒரு காரணம். எழுதினேன்: “முதல் ஆய்வின்போது கோயில் வளாகத்தில் மஞ்சள் துணி கட்டி நின்ற அயல் ரக ஆமணக்குச் செடியைக் கவனிக்கத் தவறினேன். தற்போது ஆண்மலர் விரியும் முன் கதிர் அகற்றப்பட்டது. தொடர்ந்து அகற்றப்படும். மேலாய்வு செய்யுமாறு வேண்டுகிறேன்.”

மேலாய்வு கேட்டவனே நான்தான். எனினும் அது எந்த நாளில் வரும் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் துணை இயக்குநர் அம்மையார் கண்டிப்பானவர். ஒரே ஒரு மலர்ந்த ஆண்பூவைக் கண்டாலும் ஏக்கர் முழுவதையும் தள்ளிவிடுவார். அதைப் பாவாயியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நாச்சிமுத்துவிடமும் சொன்னேன். அவர், “வரட்டுமுங்க,” என்றார். அந்த ‘வரட்டுமுங்க’வில் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஒரே ஒரு நாள் காலையில் அவர் சோம்பினால் போதும், மரவள்ளி வென்றுவிடும்.

6. செருப்பைக் கழற்றச் சொன்னவர்

பன்னிரண்டாம் நாள் முற்பகல் துறை வண்டி என் அலுவலக வாசலில் நின்றது. “வாங்க சார், உங்க முனியப்பனைப் பார்த்துட்டு வருவோம்,” என்றார் துணை இயக்குநர். வழியெல்லாம் என் அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

“கவனிக்கத் தவறினேன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தவறினீங்க?”

“கும்பிட்டுட்டு இருந்தேன்மா.”

“கண்ணை மூடிக்கிட்டா?”

“ஆமாம்மா.”

“சர்வீஸ்ல எத்தனையோ பேர் கண்ணை மூடிக்கிட்டு இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிப் பார்த்திருக்கேன் சார். எழுத்துல ஒத்துக்கிட்டவர் நீங்க ஒருத்தர்தான்.”

கோயிலுக்குள் விரைந்து நுழையப்போனவரை ஒரு குரல் தடுத்தது. “அம்மிணி, செருப்பு!” நாச்சிமுத்து. துணை இயக்குநர் நின்று, செருப்பைக் கழற்றி, உள்ளே போனார். செடியைச் சுற்றி வந்தார். கிளை கிளையாக வளைத்துப் பார்த்தார். இலையடியில் விரலை விட்டுத் தேடினார். பாவாயி சுவரோரம் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றார். நான் முருகனை, கணபதியை, அம்மையை எல்லாரையும் வரிசையாக நினைத்துக்கொண்டேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே.

எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. மஞ்சள் துணி. அதனடியில் கதிர் ஒன்று ஒளிந்திருந்தால்? பூசாரி அதை அவிழ்த்திருக்க மாட்டாரே! பார்த்தேன். செடியில் துணியே இல்லை.

“இதுல ஒரு துணி கட்டியிருந்ததாமே?” என்றார் துணை இயக்குநரும், அறிக்கையைப் புரட்டியபடி.

“அவுத்து வேப்பமரத்துல கட்டிட்டனுங்க,” என்றார் நாச்சிமுத்து. “போன வாரம் துணிக்குள்ளாற ஒரு மொட்டு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நல்லவேளை, விரியறதுக்குள்ளாற பாத்துட்டேன். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத் துணிய எடம் மாத்திப்போட்டேன்.”

“தினமும் பார்க்கறீங்களா?”

“காத்தால ஒருக்கா. பொழுது எறங்க ஒருக்கா. கீழ்காட்டுக்காரன் குப்பமேட்டுல புதுசா ரெண்டு மொளைச்சுது, அதையும் புடுங்கி எறிஞ்சனுங்க. கேட்டதுக்குச் சண்டைக்கு வந்தான். அதிகாரி வந்தா நீ பதில் சொல்லுவியாடான்னேன்.”

நானும் பாவாயியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் தினம் ஒரு முறை என்றுதான் சொல்லியிருந்தேன்.

பிறகு பாவாயி எனக்குக் காதோடு சொன்னார்: “எனக்காவ இல்லீங்க சார். சாமி கோயில்ல பறிக்காத பூவு இருக்குதுன்னு ஒரு பொம்பள அதிகாரி வந்து கண்டுபுடிச்சா, பூசாரிக்கு மானக்கேடாமுங்க. எங்கக்காகிட்டச் சொல்லிப் பொலம்பினாராம்.” நாச்சிமுத்துவின் மனைவியைத்தான் அக்கா என்றார்.

துணை இயக்குநர் வயலையும் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார். கடைசியில் வண்டியின் முன்பக்கத்தில் அறிக்கையை விரித்து, ‘ஏற்கலாம்’ என்று எழுதி ஒப்பமிட்டார். நிமிர்ந்தபோது பாவாயி தம் கைப்பேசிப் படத்தை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காட்டவேண்டாம் என்று நான் சைகை செய்தது பலிக்கவில்லை.

“இதுல நீங்க கும்பிடறது யாரை சார்? முனியப்பனையா, கொட்டமுத்தையா?”

“ரெண்டும் ஒண்ணுதான்மா, அந்தக் கோணத்துல.”

“மெமோ குடுக்கணும். ஆனா அதுல நான் எழுதவேண்டியதை எல்லாம் நீங்களே ரிப்போர்ட்ல எழுதிட்டீங்க. இனிமே முதல்ல சுத்திப் பாருங்க, அப்புறம் கும்பிடுங்க.”

7. யார் சொல்

அறுவடையாகி, விதை சுத்தம் செய்யப்பட்டு, மாதிரி பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. அங்கே எண்ணி முளைக்க வைப்பார்கள். அதற்கென நாள்கணக்கு உண்டு. அந்த நாள்களில் பாவாயியிடமிருந்து எனக்குத் தினம் ஓர் அழைப்பு. “மொளைச்சிருச்சுங்களா சார்?” பிரசவ வார்டு வாசலில் நிற்பவரைப் போலக் கேட்பார். சுத்தம், ஈரப்பதம், முளைப்புத்திறன் அனைத்திலும் தேறியது என்ற தாளோடு ஒரு நாள் நானே போனேன். கையில் நீல அட்டைக் கட்டு.

மூட்டைகளுக்கு அட்டை வைத்துத் தைத்து முத்திரையிட்டோம். நாச்சிமுத்து ஒவ்வோர் அட்டையையும் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். கடைசி மூட்டை தைத்தானதும் மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

“சொன்ன சொல்லு சொன்னதுதான். அந்தக் காட்டுல என்ன வெதைக்கறதுன்னு இனி அம்மிணிதான் சொல்லோணும்.” தொண்டையைச் செருமினார். “மறுக்காவும் கொட்டமுத்துத்தான?”

பாவாயி நூல் கண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “இல்லீங்க மாமா. வர்ற போகம் அதுல மரவள்ளி போடறேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாச்சிமுத்துவுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தாம் கேட்டுக்கொண்டிருந்த மரவள்ளி தாம் தோற்ற பிறகு வந்து நிற்கிறது. அதை வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் சொல்ல முடியாது.

“ஏம்மா, இத்தனை பாடுபட்டு அட்டை வாங்கினது மரவள்ளி நடறதுக்கா?” என்று நான்தான் கேட்டேன். பாவாயி பதிலை மூத்தாரைப் பார்த்துச் சொன்னார்:

“கொட்டமுத்து அறுத்த காட்டுல உதுந்த முத்து மறுபடி மொளைக்குமுங்க. அதே காட்டுல உடனே வெதைப்பண்ணை போட்டா அது கலவனாயிரும். சார் குடுத்த புஸ்தகத்துல இருக்குது. அதனால இங்க மரவள்ளி. வெதைப்பண்ணைய உங்க மேட்டுக்காட்டுல போடலாமுங்க. சுத்தி ஒரு செடி இல்ல. கோயிலும் பக்கத்துல இல்ல.”

“என் காட்டுலயா?”

“கலவன் புடுங்கறதுக்கு உங்களாட்டம் ஆளு கெடைக்காதுங்க மாமா.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் பாரத்துல எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?” என்றார்.

விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பெயர், நிலத்தின் அளவு, ரகம் எல்லாம் நாச்சிமுத்து சொல்லச் சொல்லப் பாவாயி எழுதினார். ‘பண்ணையின் பொறுப்பாளர்’ என்ற இடம் வந்தது. அவர் எழுதாமல் மூத்தாரைப் பார்த்தார். “உன்ற பேர எழுது அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து. “சொல்றது நீ. நான் புடுங்கறேன்.”

புதிய அலுவலர்களே, நான் கற்றது இவ்வளவே. ஒரு விதியைக் கையில் எடுத்தால், அது எதைத் தடுக்கப் பிறந்தது என்று முதலில் கேளுங்கள். கேட்கத் தோன்றாவிட்டால் வயலுக்கு உரியவரைக் கேட்க விடுங்கள். தவறு செய்தால் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். பிறர் எழுதினால் எழுத்துப் பிழையோடு எழுதுவார்கள்.

இதைப் படித்தோர், படிக்கக் கேட்டோர், படிக்காமல் மடித்து வைத்தோர் அனைவர் நிலத்திலும் பருவத்தே மழை இறங்குக, இட்ட வித்தெல்லாம் பழுதின்றி முளைக்க, கலப்பு ஒழிக, கண்ணும் மனமும் திறந்தே இருக்க. மாதொரு பாகன் மலரடி நிழல் உங்கள் இல்லத்தில் என்றும் தங்குக.